கரையைப் பிடித்துப் போங்கள்: மிதிவண்டி கேள்வி – பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியவை. நெடுஞ்சாலையை விட்டு விலகி, தார் போடாத பாதையில் மிதிவண்டி ஓட்ட நம் பகுதியில் வழி எங்கே என்பதுதான் அது. திருச்சி, தஞ்சாவூர்ப் புறநகர்களிலிருந்தும் அடுத்த ஊர்களிலிருந்தும் வந்த சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: திருச்சி காட்டூரில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்தால் தஞ்சாவூர் நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பேருந்தும் லாரியும் உரசிக்கொண்டு போகின்றன. வெளிநாட்டில் கப்பிச் சாலைகளில் மணிக்கணக்கில் ஓட்டுவதைக் காணொளிகளில் பார்க்கிறேன். நமக்கோ மலையும் இல்லை, காடும் இல்லை. அப்படிப்பட்ட பாதை இங்கே உண்டா? (வாசகர், காட்டூர்)

பதில்: உண்டு, உங்கள் தெருவிலிருந்து சிறிது தொலைவிலேயே உண்டு. மலையையும் காட்டையும் தேடியதால்தான் அது உங்கள் கண்ணில் படவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் கப்பிச் சாலை மிதிவண்டி விளையாட்டுக்குப் பெரும் பெயர் தேடித் தந்தது. அங்கே ஓட்டுவது புல்வெளிகளுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே செல்லும் சரளைச் சாலைகளில்தான். 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடந்த இவ்விளையாட்டின் முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயமும் பெரும்பாலும் சமதளத்தில் நடந்ததுதான். ஆகவே மலை இல்லையே என்ற குறை நமக்கு வேண்டியதில்லை.

காவிரிப் பாசனப் பகுதியில் கப்பிச் சாலை என்பது பெரும்பாலும் ஒரு கரை. ஆறானாலும் வாய்க்காலானாலும், தண்ணீர் ஓடும் இடமெல்லாம் அதைக் கண்காணிக்க ஆள் போய்வர வேண்டும். மதகைத் திறந்து மூட வேண்டும். உடைப்பு எடுத்தால் மண்ணும் மூட்டையும் கொண்டு சேர்க்க வண்டி போக வேண்டும். அதற்காகவே ஒரு கரையையேனும் அகலப்படுத்தி, ஆங்காங்கே செம்மண்ணும் சரளையும் கொட்டிக் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறார்கள். சாலை வரைபடத்தில் அதற்குப் பெயர் இருக்காது, எண்ணும் இருக்காது. ஆனால் ஆற்றுக்குப் பெயர் உண்டு. எனவே பாதையைத் தேடாதீர்கள். தண்ணீரைத் தேடிக் கரையைப் பிடித்துப் போங்கள்.

உங்களுக்கு வாய்த்த முதல் கரை உய்யக்கொண்டான். பேட்டைவாய்த்தலை அருகே காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் புகுந்து, உங்கள் காட்டூரையும் தொட்டுக்கொண்டு சென்று, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடியும் சோழர் காலத்து வாய்க்கால் அது. நகருக்குள் கட்டடங்கள் நெருக்குவதால் அதன் கரையை யாரும் பாதையாக எண்ணுவதில்லை. திருவெறும்பூரைத் தாண்டி வயல் தொடங்கிய பிறகு பாருங்கள், அதே வாய்க்கால் வேறு முகம் காட்டும். முதல் ஞாயிறு அவ்வளவு போதும்.

அடுத்தது கல்லணை. சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகக் காவிரியின் தென்கரையை ஒட்டிச் செல்லும் சாலையும், திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே செல்லும் சாலையும் தார்ச்சாலைகள்தாம். ஆனால் அவற்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே படுகைக்கு இறங்கும் மண் பாதைகளில் புகுந்து புகுந்து வெளியே வரலாம். கல்லணையை அடைந்ததும் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். நான்குக்கும் கரை உண்டு என்றாலும் நான்கும் ஒரே குணம் உடையவை அல்ல. கொள்ளிடம் வெள்ளத்தை வெளியேற்றும் வடிகால். அதன் கரை உயரமானது, காற்று வாங்கும், ஆனால் மணல் லாரி ஓடும் பகுதி எதுவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் அதில் ஏறக் கூடாது. காவிரிக் கரையில் ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டிருப்பதால் பெரும்பகுதி தார்ச்சாலையாகிவிட்டது; கோயிலுக்கும் காபிக்கும் அது நல்லது, நீங்கள் தேடுவதற்கு அன்று.

என் வாக்கு வெண்ணாற்றுக்கே. கல்லணையிலிருந்து தென்பெரம்பூர் வரை அதன் கரையில் தாரும் மண்ணும் மாறிமாறி வரும். ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் இரண்டு ஆள் உயரம் தாழ்ந்து கிடக்கும் வயல், நடுவே புளியும் இலுப்பையும் நிழல் போட்ட மண் தடம். இந்தத் தாழ்வைக் கவனிப்பது முக்கியம். டெல்டாவில் பாசன ஆறுகள் தாம் கொண்டுவந்த வண்டலைத் தாமே இருபுறமும் படியவைத்து, வயலைவிட உயர்ந்த மேட்டின் மீது ஓடுகின்றன. வடிகால்களோ இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் ஓடுகின்றன. மழை விட்ட மறுநாளே பாசன ஆற்றின் கரை காயத் தொடங்கும். வடிகால் கரை ஒரு வாரம் ஆனாலும் சேறாகவே கிடக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலக் கோடுதான். கிளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போவது ஆறு, வழியெல்லாம் வாங்கிக்கொண்டே போவது வடிகால் என்று பிரித்தறிந்து கோட்டைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவதான கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் புது ஆறு என்றே சொல்கிறார்கள். மேட்டூர் அணை முடிந்த 1934-இல் அதனுடன் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 149 கிலோமீட்டர். பழைய டெல்டாவுக்கு மேற்கும் தெற்குமாக உள்ள மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்பதற்காக, நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வளைந்து வளைந்து வெட்டப்பட்டது. அதனால் கரையில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. தஞ்சாவூரைத் தாண்டி ஒரத்தநாட்டுப் பக்கம் போகப் போக வண்டல் குறைந்து செம்மண் மிகும். 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சீரமைப்புத் திட்டத்தில் கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் வேலை நடக்கிறது. எந்திரம் நிற்கும் பகுதியில் கரையை விட்டு இறங்கி ஊர்ச் சாலையில் சுற்றிக்கொண்டு போவதே மரியாதை.

திருச்சியிலிருந்து வண்டியோடு இவ்வளவு தொலைவு போய்வர முடியாதே என்று நினைக்க வேண்டாம். பூதலூரைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். புது ஆறு அவ்வூரை ஒட்டியே ஓடுகிறது. அசதி மிகுந்தால் திருச்சி – தஞ்சாவூர் ரயில் பாதையும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒரு வாய்க்கால் கரையைத் தேர்ந்தெடுத்தேன். படத்தில் அழகான வெண்கோடு. நேரில் போனால் நான்கு கிலோமீட்டருக்குப் பிறகு புதர், பாதையே இல்லை. எங்கே தவறினேன்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: படம் பொய் சொல்லவில்லை; அது எடுக்கப்பட்ட மாதத்தைத்தான் நீங்கள் கேட்கவில்லை. கோடையில் தூர்வாரி மண்ணைக் கரையில் கொட்டியவுடன் எடுத்த படமாக இருந்தால், புதிதாகக் கொட்டிய மண்ணே வெண்கோடாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அதன்மேல் கோரையும் கருவேலங்கன்றும் முளைத்திருக்கும். ஆகவே கோட்டின் நிறத்தை நம்பாமல், அதற்குள் இரட்டைத் தடம் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிராக்டரோ மாட்டுவண்டியோ போய்வரும் பாதையில் இரண்டு வெளிறிய கோடுகளும் அவற்றின் நடுவே ஒரு பச்சை வரியும் இருக்கும். அந்தப் பச்சை வரிதான் எனக்கு நம்பிக்கை தரும் அடையாளம். வாரத்துக்கு நான்கு வண்டியாவது போகாமல் அது உருவாகாது.

அடுத்து ஒவ்வொரு மதகிலும் நின்று பாருங்கள். கிளை வாய்க்கால் பிரியும் இடத்தில் தடம் மறுபக்கமும் தொடர்கிறதா, அல்லது வயலுக்குள் இறங்கிக் களத்துமேட்டோடு முடிகிறதா? இதில் நானே ஏமாந்திருக்கிறேன். வெட்டாற்றங்கரையில் ஒருநாள் காலை, படத்தில் தெளிவாக இருந்த பாதை, நேரில் ஒரு மதகின் தலைச்சுவராக ஒடுங்கியது; அகலம் ஒன்றரை அடி, இருபுறமும் தண்ணீர், நடுவில் திருகுக் கம்பி நிற்கும் ஷட்டர். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து கடந்தேன். எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கடைசி வரை பார்த்திருந்துவிட்டு, “தம்பி, கீழ அரை மைல்ல பாலம் இருக்கே” என்றார்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். வண்டிப் பாதை விட்டுவிட்டு வரும் கோடாகவும், ஒற்றையடிப் பாதை புள்ளிகளாகவும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். அளவை பழையதாக இருக்கலாம் என்றாலும், வண்டிப் பாதை எளிதில் இடம் மாறுவதில்லை என்பதால் எனக்கு அது பல முறை கைகொடுத்திருக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் ஓட்டிய தடங்களை வண்ணமிட்டுக் காட்டும் ஸ்ட்ராவா வரைபடம் மட்டும் நம் பகுதிக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஓட்டுகிறவர்களே குறைவு என்பதால் அங்கே இருட்டாகத் தெரியும் கரை மோசமான கரை என்று பொருள் அன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும் முன் பாலங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கரை எங்கே கெட்டாலும் அடுத்த பாலம்தான் உங்கள் வாசல். இரண்டு பாலங்களுக்கு இடையே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், முதல் முறை அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது? நவம்பரில் முயன்று சேற்றில் மாட்டிக்கொண்டேன். (வாசகர், மன்னார்குடி)

பதில்: உங்கள் பகுதிக் களிமண்ணை நவம்பரில் சீண்டியது உங்கள் துணிச்சல். முதல் நூறு அடி வண்டி வழுக்கும். அடுத்த நூறு அடியில் களி டயரில் சுற்றி ஏறும். பிறகு அது முன் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்த நிலையில் வண்டியைத் தள்ளவும் முடியாது. தென்னை மட்டையிலிருந்து ஒரு துண்டை ஒடித்து, களியை அடை அடையாகப் பெயர்த்தெடுத்து, வாய்க்காலில் சக்கரத்தை அலசி, பத்தடி போனால் மறுபடியும் அதே கதை. இதற்கு மட்கார்டு போட்ட வண்டி இன்னும் மோசம்.

நம் பாதைகளின் நாட்காட்டி மேட்டூரில் தொடங்குகிறது. வழக்கமான நாளான ஜூன் 12-இல் அணை திறந்தால் மூன்று நான்கு நாள்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். 2022-இல் மே 24-இலேயே திறந்ததும் உண்டு, 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்ததும் உண்டு. திறப்புக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்கள் தூர்வாரும் காலம். கரை பொலபொலவென்று புது மண்ணாக இருக்கும், பொக்லைன் நிற்கும், வெயிலும் தாங்காது. தண்ணீர் வந்த பிறகு ஜூலை முதல் செப்டம்பர் வரை, மழை இல்லாத வாரங்களில், கரை கெட்டிப்பட்டு ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும். ஆடிப்பெருக்கன்று மட்டும் வீட்டில் இருங்கள். அன்று கரை முழுதும் சித்ரான்னமும் காதோலைக் கருகமணியுமாக அமர்ந்திருப்பவர்களுக்கே சொந்தம். கொள்ளிடத்தில் உபரி நீர் திறந்துவிடும் அறிவிப்பு வந்தால், எந்த மாதமானாலும் அந்தக் கரைப் பக்கம் போகக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பிறகுதான் உண்மையான பருவம். மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும்; சம்பா அறுவடை நடக்கும்; கரை இறுகும்; காலைப் பனி இருக்கும். அறுவடை எந்திரமும் நெல் டிராக்டரும் ஈரத்தில் பதித்த தடங்கள் அப்படியே காய்ந்து கல்லாகிக் கிடக்கும் என்பதால், முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையில் நெல் காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிற்கும், அதன்மேல் நம் டயரும் ஏறியது என்றால் அவர்களுடைய கோபம் நியாயமானதே. உங்கள் ஊரிலிருந்தே போவதானால் பிப்ரவரியில் வடுவூருக்குப் போய்வாருங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அந்த ஏரியில் வலசைப் பறவைகள் அப்போது இருக்கும்.

கேள்வி: கப்பிச் சாலைக்கென்றே கிராவல் சைக்கிள் என்று விற்பதன் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. என் தந்தையாரின் 28 அங்குலக் கறுப்பு வண்டி ஒன்று இருக்கிறது. அது போதுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: போதும் என்பதைவிட ஒருபடி மேலாகவே சொல்லலாம். அந்த வண்டிக்குப் போடும் 28 × 1½ டயரின் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இன்று விலை உயர்ந்த கிராவல் வண்டிகளில் வரும் டயரும் ஏறக்குறைய 40-தான். வெளிநாட்டார் மெல்லிய டயரில் ஓட்டி, பிறகு கொழுத்த டயருக்குத் திரும்பிய விஷயத்தை, நம் வீட்டில் நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றி வயல் வரப்போரம் ஓட்டியவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

குறையும் உண்டு. எஃகு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் பிடிக்காது. கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுகளில் அது ஆபத்து. ஒரே கியர் என்பது டெல்டாவில் பொருட்டே அன்று. பிரேக் கட்டைகளை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். டயரைக் கட்டை விரலால் அழுத்தினால் சிறிது உள்வாங்க வேண்டும். தார்ச்சாலைக்கு அடிப்பது போலக் கல்லாக அடித்தால் சரளையில் வண்டி துள்ளும், முதுகும் நோகும். கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதுவே: 40 மில்லிமீட்டர் டயரும் எழுபது கிலோ எடையுமானால் 40 பி.எஸ்.ஐ. காற்றழுத்த அளவில் தொடங்கி, ஒன்றிரண்டாகக் கூட்டியோ குறைத்தோ உங்கள் அளவைக் கண்டுகொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் தனியாக ஓட்ட விரும்புகிறேன். பெண்ணாக இருப்பதால் ஆள் நடமாட்டமில்லாத கரை என்றால் வீட்டில் அஞ்சுகிறார்கள். (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: வீட்டாரின் அச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கரைகள் எல்லாமே ஆளில்லாதவை அல்ல. காலை ஆறிலிருந்து எட்டரை வரை கரையில் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். பால் வண்டி போகும் கரை, நடவுக்கோ களையெடுக்கவோ பெண்கள் கூட்டமாக வரும் கரை, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் குறுக்குவழியாக வரும் கரை ஆகியவை நல்லவை. புதர் மண்டி, ஆங்காங்கே மதுப் புட்டிகள் கிடந்தால் அந்தக் கரையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். புட்டிதான் அங்கு யார், எப்போது வருகிறார்கள் என்பதைச் சொல்லும் கடிதம்.

உங்களுக்கு மேலூர்ப் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரை ஒரு வழியும், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாக ஊர் விட்டு ஊர் போகும் இன்னொரு வழியும் இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று முறை துணையோடு போய், டீக்கடை, பால் சேகரிக்கும் இடம், மதகடி என்று நின்று நாலு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள். முகம் தெரிந்துவிட்டால், நீங்கள் ஒருநாள் வராவிட்டாலும் “ஏம்மா, போன வாரம் காணோம்?” என்று கேட்பார்கள். செல்பேசியில் இருக்கும் இடத்தை வீட்டாருக்கு நேரலையாக அனுப்பும் வசதியைத் தவறாமல் போட்டுவையுங்கள். நாய் துரத்தினால் வேகம் கூட்ட வேண்டாம். இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

கேள்வி: ஆற்றங்கரையில் ஓட்ட அனுமதி வேண்டுமா? ஒருவர் எங்களைத் தடுத்தார். (வாசகர், பூதலூர்)

பதில்: கரை நீர்வளத்துறையின் பராமரிப்பில் உள்ளது; பொதுச் சாலையாக அறிவிக்கப்படாத கண்காணிப்புப் பாதைகளும் அவற்றில் உண்டு. ஊர்மக்கள் நடந்தும் வண்டியிலும் போய்வரும் இடத்தில் உங்களை மட்டும் யாரும் தடுப்பதில்லை. சங்கிலி போட்டிருந்தாலோ, வேலை நடந்தாலோ, கரையையும் மதகையும் கவனிக்கும் துறை ஊழியரான லஸ்கர் வேண்டாம் என்றாலோ திரும்பிவிடுங்கள். உங்களைத் தடுத்தவர் லஸ்கராக இருந்தால் அவரையே நண்பராக்கிக்கொள்ளுங்கள் என்பேன். எந்தக் கரை கரைந்திருக்கிறது, எங்கே மதகு இடிந்திருக்கிறது, எந்தப் பக்கம் நல்ல பாம்பு நடமாட்டம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் பஞ்சர். போன ஞாயிறு மூன்று. என்ன செய்வது? (வாசகர், வல்லம்)

பதில்: உங்கள் செம்பராங்கல் மேட்டில் சரளைக்குக் குறைவில்லை, சீமைக் கருவேலத்துக்கும் குறைவில்லை. வேலிக்காகக் கழித்துப் போட்ட முள் கரையோரம் காய்ந்து கிடக்கும். ஆதலால் தடத்தின் ஓரத்தை விட்டு, சக்கரம் பதிந்த பகுதியிலேயே ஓட்டுங்கள். டியூப்லெஸ் டயரானால் உள்ளே ஊற்றும் திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். டியூப் போட்ட வண்டியானால் இரண்டு மாற்று டியூப், ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், சிறிய பம்பு நான்கும் எப்போதும் பையில் இருக்கட்டும். மூன்று பஞ்சர் என்றீர்கள். மூன்றும் ஒரே இடத்திலா என்று பார்த்தீர்களா? கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, புது டியூபைப் போட்டதும் மறுபடி குத்தும். டயரைக் கழற்றி, உட்புறம் முழுவதையும் விரலால் அல்ல, ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். நெருஞ்சியானால் டயரின் மேலேயே நிற்கும், கையால் எடுத்துவிடலாம். எடுத்ததை மறுபடி பாதையிலேயே போடாமல் புதரோரம் வீசிவிடுங்கள். பின்னால் நான் வரக்கூடும்.